கடை மூடும் நேரத்தில் கணினி செய்ய வேண்டிய வேலைகள்

உறவினர் ஒருவர் நடத்தும் ஜெராக்ஸ் மற்றும் இணையச் சேவைக் கடையின் கணினிகளைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பு சில ஆண்டுகளாக என்னிடம் இருக்கிறது. இப்படிப்பட்ட கடைகளில் ஒரு நாள் முழுவதும் சேரும் குப்பை வீட்டுக் கணினியில் சேரும் குப்பையைப் போன்றதன்று. வாடிக்கையாளர் தம் கைப்பேசியிலிருந்து அனுப்பிய ஆதார் அட்டை, சாதிச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம் ஆகிய எல்லாமே டவுன்லோட்ஸ் கோப்புறையில் பிடிஎஃப்களாகவும் படங்களாகவும் கிடக்கும். அச்செடுத்துக் கொடுத்ததோடு வேலை முடிந்தது என்று எல்லோரும் நினைத்துக்கொள்வதால், அவற்றை அழிக்க வேண்டும் என்பது யாருடைய நினைவிலும் இருப்பதில்லை. இரவு கடையை மூடுபவருக்கு வீட்டுக்குப் போகும் அவசரம். ஆகவே இந்த வேலையை மனிதரின் நினைவாற்றலிடம் விடாமல், கணினியை நிறுத்தும் செயலோடு சேர்த்துக் கட்டிவிடுவதே முறை என்று முடிவு செய்தேன். அதற்கு விண்டோஸ் தரும் வழிகளையும், அவற்றில் எதை நம்பலாம், எதை நம்பக் கூடாது என்பதையும் இங்கே எழுதுகிறேன்.

எந்த வேலையை நிறுத்தும் நேரத்துக்கு ஒதுக்குவது என்பதை முதலில் தீர்த்துக்கொள்ள வேண்டும். என் கணக்கில் இரண்டு வகை வேலைகளுக்கு மட்டுமே அந்த இடம் உரியது. பகலில் கோப்புகள் திறந்திருப்பதால் அப்போது ஒழுங்காகச் செய்ய முடியாத வேலை ஒன்று. டேலி போன்ற கணக்கு மென்பொருளின் தரவுக் கோப்புறையை பேக்கப் எடுப்பது இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. நிறுவனக் கணக்கு திறந்திருக்கும்போதே கோப்புகளை நகலெடுத்தால், ஒரு பகுதி பழையதாகவும் ஒரு பகுதி புதியதாகவும் அமைந்த நகல் கிடைக்கக்கூடும், அது மீட்டெடுக்கும் நாளில்தான் தெரியவரும். அவுட்லுக்கின் அஞ்சல் கோப்புக்கும் இதே நிலைமைதான். மறுநாள் காலை வேறொருவர் கணினியில் அமரும்போது இருக்கவே கூடாதவற்றை நீக்குவது இரண்டாவது வகை.

மற்றவற்றை இங்கே கொண்டுவந்து திணிக்க வேண்டியதில்லை. வட்டைச் சீரமைக்கும் வேலையை விண்டோஸ் வாரம் ஒருமுறை தானாகவே செய்கிறது. எஸ்எஸ்டி வட்டாக இருந்தால் துண்டுகளைச் சேர்ப்பதற்குப் பதிலாக எந்த இடம் காலி என்று வட்டுக்குச் சொல்லும் டிரிம் கட்டளையை அனுப்புவதும் அதற்குத் தெரியும். தற்காலிகக் கோப்புகளைக் காலம் பார்த்து நீக்க, 2017-இல் வெளிவந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து ஸ்டோரேஜ் சென்ஸ் என்ற வசதி உள்ளேயே இருக்கிறது. ப்ரீஃபெட்ச் கோப்புறையைத் தினமும் காலி செய்தால் கணினி வேகமெடுக்கும் என்ற பழைய நம்பிக்கை இன்னும் உலவுகிறது. நிரல்களை விரைவாகத் திறப்பதற்காக விண்டோஸ் சேர்த்து வைக்கும் தகவல் அது என்பதால், அழித்தால் மறுநாள் முதல் திறப்பு மெதுவாவதுதான் மிச்சம். நினைவகத்துக்குத் துணையாக விண்டோஸ் வட்டில் வைத்திருக்கும் பேஜ்ஃபைலை நிறுத்தும்போது துடைக்கும் ஒரு பாதுகாப்பு அமைப்பும் உண்டு. ரகசியம் மிகுந்த அலுவலகங்களுக்கு அது தேவைப்படலாம். ஜெராக்ஸ் கடையில் அதைச் செயல்படுத்தினால், ஒவ்வொரு இரவும் கணினி அணையும்வரை கதவருகே காத்து நிற்க வேண்டியிருக்கும்.

விண்டோஸில் இதற்கென்றே அமைந்த அதிகாரபூர்வ வழி, கணினியின் அமைப்புகளை ஒரே இடத்தில் கட்டுப்படுத்தும் குரூப் பாலிசி. அதன் எடிட்டரைத் திறந்து, கம்ப்யூட்டர் கான்ஃபிகரேஷன், அதற்குள் விண்டோஸ் செட்டிங்ஸ், அதற்குள் ஸ்கிரிப்ட்ஸ் என்று போனால், கணினி தொடங்கும்போதும் நிற்கும்போதும் ஓட வேண்டிய ஸ்கிரிப்டுகளை, அதாவது கட்டளைகளை வரிசையாக எழுதிவைத்த கோப்புகளை, சேர்க்கலாம். யூசர் கான்ஃபிகரேஷன் பகுதியில் இதைப் போலவே பயனர் உள்நுழையும்போதும் வெளியேறும்போதும் ஓடுபவற்றுக்கு இடம் உண்டு. விண்டோஸ் 7 காலம் முதல் பழைய வகை ஸ்கிரிப்டான பேட்ச் கோப்போடு, புதிய வகையான பவர்ஷெல் ஸ்கிரிப்டையும் இங்கே நேரடியாகச் சேர்க்க முடிகிறது. ஆனால் இந்த எடிட்டர் ஹோம் பதிப்பில் இல்லை; கடைகளிலும் வீடுகளிலும் வாங்கும் பெரும்பாலான மடிக்கணினிகள் ஹோம் பதிப்போடுதான் வருகின்றன என்பதால், பலருக்கு இந்த வழி முதல் படியிலேயே அடைபட்டுவிடும்.

ப்ரோ பதிப்பு வைத்திருப்பவர்களும் இரண்டு செய்திகளை அறிந்துகொண்டே இதில் இறங்க வேண்டும். நிறுத்தும் ஸ்கிரிப்ட் ஓடும்போது பயனர் ஏற்கெனவே வெளியேறியிருப்பார். அது லோக்கல் சிஸ்டம் என்ற உள்கணக்கின் பெயரில் ஓடுகிறது. அந்தக் கணக்குக்குப் பயனரின் டவுன்லோட்ஸ் எங்கே இருக்கிறது என்று தெரியாது. பயனரின் கோப்புறையைக் குறிக்கும் யூசர்ப்ரொஃபைல் மாறியை ஸ்கிரிப்டில் எழுதினால், அது விண்டோஸின் சொந்தக் கோப்புகள் இருக்கும் சிஸ்டம்32-க்குள் உள்ள வேறொரு கோப்புறையைச் சுட்டும். டெம்ப் மாறியோ விண்டோஸின் பொது டெம்ப் கோப்புறையைச் சுட்டும். பயனர் இணைத்து வைத்திருக்கும் நெட்வொர்க் டிரைவ் எழுத்துகளும் அதன் கண்ணுக்குத் தெரிவதில்லை. கையால் ஓட்டிப் பார்த்தால் சரியாக நடக்கும் ஸ்கிரிப்ட், நிறுத்தும்போது எதுவும் செய்யாமல் போவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். முழுப் பாதையை எழுதுவது ஒரு தீர்வு. பயனருடைய கோப்புகளைத் தொடும் வேலைகளை வெளியேறும் நேரத்து ஸ்கிரிப்டுக்கு மாற்றுவது அதைவிடச் சிறந்த தீர்வு, ஏனென்றால் அது பயனரின் பெயரிலேயே ஓடுகிறது.

இரண்டாவது செய்தி ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். விண்டோஸ் 8 முதல், ஷட்டவுன் பொத்தானை அழுத்தும்போது கணினி முழுமையாக நிற்பதில்லை. பயனரின் அமர்வு முடித்துவைக்கப்படுகிறது. ஆனால் விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலும் சாதனங்களின் டிரைவர்களும் இருந்த நிலை அப்படியே வட்டில் ஹைபர்ஃபில் என்ற கோப்பாக எழுதப்பட்டு, மறுநாள் காலை அங்கிருந்து மீட்கப்படுகிறது. இந்த அரைகுறை நிறுத்தத்தை நம்பி நிறுத்தும் ஸ்கிரிப்டையும் தொடங்கும் ஸ்கிரிப்டையும் வைத்தால், ஓடும் என்று எதிர்பார்த்தது ஓடாமல் போக வாய்ப்புண்டு. ரீஸ்டார்ட் கொடுத்தால் மட்டும் எப்போதும் முழு நிறுத்தம் நடக்கிறது. ரீஸ்டார்ட் செய்து சோதித்துப் பார்த்து நிம்மதி அடைந்தவர்கள், இரவு ஷட்டவுன் செய்யும்போது ஸ்கிரிப்ட் ஏன் அசையவில்லை என்று குழம்புவது இதனால்தான். கண்ட்ரோல் பேனலின் பவர் ஆப்ஷன்ஸ் பகுதியில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிறுத்திவைக்கலாம். ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு ஷட்டவுன் கொடுத்தாலும் அந்த ஒருமுறை முழுமையாக நிற்கும். எஸ்எஸ்டி இருக்கும் கணினியில் இந்த வசதியை எடுத்துவிடுவதால் காலையில் இழக்கும் சில நொடிகள் பொருட்டே அல்ல என்பது என் எண்ணம்.

நேரக் கட்டுப்பாடும் ஒன்று உண்டு. குரூப் பாலிசி ஸ்கிரிப்டுகளுக்காக விண்டோஸ் இயல்பாக 600 நொடிகள், அதாவது 10 நிமிடங்கள் வரை காத்திருக்கும். அதற்கு மேல் இழுத்தால் வெட்டிவிடும். இந்த எல்லையை மாற்றவும் முடியும், சுழி என்று கொடுத்தால் முடிவில்லாமல் காத்திருக்கும். சுழியை யாரும் கொடுக்க வேண்டாம் என்பேன். அதற்குக் காரணம் ரோபோகாப்பி. பேக்கப் எடுப்பதற்கு விண்டோஸோடு வரும் மிக நல்ல கருவி இது, ஆனால் ஒரு கோப்பைத் திறக்க முடியாவிட்டால் அது எத்தனை முறை மீண்டும் முயலும் என்பதற்கான இயல்பு அளவு 10 லட்சம்; ஒவ்வொரு முயற்சிக்கும் இடையில் 30 நொடிகள் காத்திருப்பு. பூட்டப்பட்ட ஒரே ஒரு கோப்பு போதும், அந்தக் கணினி அணையப்போவதில்லை. மறுமுயற்சிக்கான ஆர் சுவிட்சையும் (சுவிட்ச் என்பது கட்டளையோடு சேர்த்து எழுதும் குறி) காத்திருப்புக்கான டபிள்யூ சுவிட்சையும் ஒன்று, இரண்டு என்ற சிறிய எண்களோடு எழுதிவிடுவது கட்டாயம். ரோபோகாப்பி முடிந்தபின் தரும் எண்ணையும் வழக்கமான கட்டளைகளைப் போல் படிக்கக் கூடாது. மற்ற பெரும்பாலான கட்டளைகளில் சுழி அல்லாத எதுவும் தோல்வி என்று பொருள். ரோபோகாப்பியில் 1 என்றால் கோப்புகள் நகலெடுக்கப்பட்டன என்றும், 8 அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் ஏதோ தவறிவிட்டது என்றும் கொள்ள வேண்டும்.

வேலைகளைத் தானாகத் தொடங்கிவைக்கும் டாஸ்க் ஷெட்யூலர் வழியாக இதைச் செய்யலாமே என்று பலர் கேட்பார்கள். உள்நுழைவு, கணினி தொடக்கம், ஓய்வு நிலை என்று எத்தனையோ தூண்டுதல்களை அது தருகிறது. நிறுத்தம் என்ற தூண்டுதல் மட்டும் அதில் இல்லை. யாரோ நிறுத்தச் சொன்னார்கள் என்பதைப் பதிவு செய்யும் 1074 என்ற நிகழ்வு எண்ணோடு ஒரு வேலையை இணைத்துவிடும் உத்தி இணையத்தில் பரவலாகக் காணப்படுகிறது. அது ஒரு பந்தயம். நிகழ்வு பதிவான அந்தக் கணத்திலேயே விண்டோஸ் எல்லாவற்றையும் மூடத் தொடங்கிவிடுகிறது. சேவைகளுக்கு அது இயல்பாகக் கொடுக்கும் அவகாசமே 5 நொடிகள்தான். நம் வேலை அதற்குள் முடிந்தால் நல்லது, முடியாவிட்டால் பாதியில் சாகும். பாதியில் நின்ற பேக்கப்பைக் காட்டிலும் பேக்கப் இல்லாததே மேல், ஏனென்றால் இல்லாததை யாரும் நம்பமாட்டார்கள்.

இவ்வளவையும் பார்த்தபின், வரிசையைத் தலைகீழாக மாற்றிவிடுவதே எனக்குச் சரியாகப் பட்டது. நிறுத்தம் ஸ்கிரிப்டை அழைப்பதற்குப் பதிலாக, ஸ்கிரிப்ட் தன் வேலைகளை முடித்துவிட்டு நிறுத்தத்தை அழைக்கட்டும். டெஸ்க்டாப்பில் "கடை மூடு" என்ற பெயரில் ஒரு குறுக்குவழி இருக்கிறது. அதை இருமுறை சொடுக்கினால், பயனரின் பெயரிலேயே, எல்லாம் உயிரோடு இருக்கும்போதே, பேக்கப்பும் சுத்தமும் நடந்து, கடைசி வரியில் ஷட்டவுன் கட்டளை ஓடுகிறது. நேர எல்லை இல்லை, வேறு கணக்கின் குழப்பம் இல்லை, நெட்வொர்க் டிரைவ்கள் தெரிகின்றன, என்ன நடக்கிறது என்பதைத் திரையிலும் பார்க்கலாம். ஹோம் பதிப்பிலும் இது நடக்கும். கட்டளை வரியிலிருந்து வரும் இந்த நிறுத்தம், ஹைப்ரிட் என்ற சுவிட்சைத் தனியாகச் சேர்க்காதவரை முழு நிறுத்தமாகவே இருக்கும் என்பதால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பின் சிக்கலும் விலகுகிறது. சிகிளீனர் (CCleaner) போன்ற சுத்தம் செய்யும் மென்பொருள்களும் இதே தத்துவத்தைத்தான் பின்பற்றுகின்றன. சுத்தம் செய்து முடித்தபின் கணினியை அணைக்கும் சுவிட்ச் ஒன்று அதன் கட்டளை வரியில் இருக்கிறது.

இதில் ஒரு நுணுக்கம் கவனிக்கத்தக்கது. ஷட்டவுன் கட்டளைக்கு டி என்ற சுவிட்சில் 60 நொடி அவகாசம் கொடுத்தால், மனம் மாறியவர் ஏ என்ற சுவிட்சோடு அதே கட்டளையை இட்டு நிறுத்தத்தைக் கைவிடலாம் என்ற வசதி கிடைக்கிறது. ஆனால் சுழிக்கு மேற்பட்ட எந்த அவகாசத்தைக் கொடுத்தாலும், திறந்திருக்கும் நிரல்களை வலுக்கட்டாயமாக மூடு என்ற பொருளும் சொல்லாமலே அதில் சேர்ந்துவிடுகிறது. சேமிக்காமல் விட்ட விண்ணப்பக் கடிதம் எச்சரிக்கையின்றிப் போய்விடும். அதனால் அவகாசத்தைச் சுழியாக வைத்து, ஸ்கிரிப்டின் தொடக்கத்திலேயே, வேர்டோ டேலியோ ஓடிக்கொண்டிருக்கிறதா என்று டாஸ்க்லிஸ்ட் கட்டளையால் பார்த்து, ஓடினால் "முதலில் அதை மூடுங்கள்" என்று சொல்லி நின்றுவிடும்படி எழுதியிருக்கிறேன். டேலி திறந்திருக்கும்போது பேக்கப் எடுக்கக் கூடாது என்ற தேவையும் இதே சோதனையால் நிறைவேறுகிறது.

அழிக்கும் வரிகளை எழுதும்போது மிகுந்த எச்சரிக்கை வேண்டும். கோப்புறைக்குள் போ, பிறகு எல்லாவற்றையும் அழி என்று இரண்டு வரிகளாக எழுதுவது பழைய வழக்கம். அந்தக் கோப்புறையின் பெயர் மாறியிருந்தால் முதல் வரி தோற்றுவிடும். இரண்டாவது வரி அதைப் பொருட்படுத்தாமல், அப்போது எந்தக் கோப்புறையில் நின்றுகொண்டிருக்கிறதோ அதைக் காலி செய்யும். நிர்வாகி உரிமையுடன் திறக்கும் கட்டளைச் சாளரமான கமாண்ட் பிராம்ப்ட் சிஸ்டம்32-இல்தான் தொடங்குகிறது என்பதை நினைத்துக்கொண்டால் போதும். முழுப் பாதையை அழிக்கும் வரியிலேயே எழுதி, அந்தக் கோப்புறை இருந்தால் மட்டும் செய் என்ற நிபந்தனையை முன்னால் வைக்க வேண்டும். கட்டளையால் அழித்தவை ரீசைக்கிள் பின்னுக்குப் போவதில்லை என்பதால், கடையில் ஒரு வழக்கத்தை ஏற்படுத்தினோம்: வைத்துக்கொள்ள வேண்டிய கோப்பை யாரும் டவுன்லோட்ஸில் விடக் கூடாது. வாடிக்கையாளர் மீண்டும் வந்து கேட்கக்கூடிய விண்ணப்ப ரசீதுகளுக்குத் தனிக் கோப்புறை உண்டு. அதில் மட்டும் குறிப்பிட்ட நாள்களுக்கு மேல் பழையனவற்றைத் தேர்ந்தெடுக்கும் ஃபார்ஃபைல்ஸ் கட்டளையைப் பயன்படுத்துகிறேன். அழிப்பது வேறு, வட்டிலிருந்து துடைப்பது வேறு என்பதையும் மறக்க வேண்டாம். காலி இடத்தின் மேல் எழுதித் துடைக்க சைஃபர் கட்டளை இருக்கிறது, ஆனால் அது நெடுநேரம் பிடிக்கும் வேலை. விடுமுறை நாளில் செய்யத் தக்கது.

தமிழில் பெயர் வைத்த கோப்புறைகள் இருந்தால் இன்னொரு தடை வரும். "ரசீதுகள்" என்ற பெயரை நோட்பேடில் எழுதி பேட்ச் கோப்பாகச் சேமித்தால், அதைப் படிக்கும் கமாண்ட் பிராம்ப்ட் பழைய ஆங்கில எழுத்து அட்டவணையைக் கொண்டு படித்து, பெயரைச் சிதைத்துவிட்டுக் கோப்புறையைக் காணவில்லை என்று சொல்லும். கோப்பின் தொடக்கத்தில், எழுத்து அட்டவணையை மாற்றும் சிஎச்சிபி என்ற கட்டளையை 65001 என்ற எண்ணோடு எழுதி, கோப்பை யூடிஎஃப்-8 வடிவில், கோப்பின் முதலில் கண்ணுக்குத் தெரியாமல் இடப்படும் பாம் குறியீடு இல்லாமல் சேமித்தால் சரியாகிவிடும். பாம் இருந்தால் முதல் வரியே பிழையாகும். வேடிக்கை என்னவென்றால், விண்டோஸோடு வரும் பவர்ஷெல் 5.1-க்கு இதற்கு நேர்மாறான பழக்கம்: யூடிஎஃப்-8 கோப்பில் பாம் இருந்தால்தான் தமிழைத் தமிழாகப் படிக்கும். தமிழ்ப் பெயரையே தவிர்த்துவிடு என்று சிலர் அறிவுரை சொல்வார்கள். கடையில் இருப்பவர்கள் தமிழில் பெயர் வைத்தால் அதற்கு ஏற்ப ஸ்கிரிப்ட் வளைய வேண்டும்.

உலாவியின் குப்பையை ஸ்கிரிப்டால் தேடிப் போக வேண்டியதில்லை. ஃபயர்ஃபாக்ஸிலும் எட்ஜிலும், மூடும்போதே வரலாற்றையும் குக்கிகளையும் நீக்கும் அமைப்பு உள்ளேயே இருக்கிறது. அதை இயக்கிவிட்டால், வாடிக்கையாளர் வெளியேறாமல் விட்டுப்போன மின்னஞ்சலும் வாட்ஸ்அப் வெப்பும் தாமாகவே துண்டிக்கப்படும். பொதுமக்கள் தாங்களே அமர்ந்து பயன்படுத்தும் கணினிகளுக்கு டீப் ஃப்ரீஸ் போன்ற மென்பொருள் பொருத்தமாக இருக்கும்; ஒவ்வொரு மறுதொடக்கத்திலும் வட்டைப் பழைய நிலைக்கே கொண்டுவந்துவிடுவதால் சுத்தம் செய்யும் பேச்சே எழாது. கடைக்காரர் வேலை பார்க்கும் கணினியில் அது உதவாது, அங்கே அன்றாடக் கணக்கு தங்க வேண்டும்.

பேக்கப்பைப் பொறுத்தவரை ரோபோகாப்பியின் மிர் சுவிட்சைப் பற்றி ஓர் எச்சரிக்கை. மூலத்தில் இல்லாத கோப்புகளை நகலிலும் அது அழித்துவிடும். காலையில் யாரோ தவறுதலாக நீக்கிய கணக்குக் கோப்பு, இரவு பேக்கப்பிலிருந்தும் நீங்கிவிடும். அதனால் கிழமைக்கு ஒரு கோப்புறை என்று ஏழு கோப்புறைகள் வைத்து, அன்றைய கிழமையின் கோப்புறைக்குள் மட்டும் நகலெடுக்கும்படி செய்திருக்கிறேன். இடம் அதிகம் பிடிக்கும்தான். டேலி தரவின் அளவுக்கு அது ஒரு செலவே இல்லை. பேக்கப் எடுக்கும் வெளிவட்டை இரவு முழுவதும் கணினியிலேயே செருகி வைத்திருக்கக் கூடாது என்பதால், ஸ்கிரிப்ட் வட்டு இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் செருகச் சொல்லிக் கேட்கிறது.

லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு நிலைமை எளிது. சேவைகளைத் தொடங்கி நிறுத்தும் பொறுப்புள்ள சிஸ்டம்டியில், தொடங்கும்போது எதுவும் செய்யாமல், நிற்கும்போது மட்டும் வேலை செய்யும் ஒரு சர்வீஸை எழுதலாம். ஒன்ஷாட் வகை என்று குறித்து, வேலை முடிந்தபின்னும் உயிரோடு இருப்பதாகக் கொள்ளச் செய்யும் வரியைச் சேர்த்து, எக்ஸெக்ஸ்டாப் என்ற இடத்தில் நம் ஸ்கிரிப்டின் பாதையைக் கொடுத்தால் போதும். நிற்கும் வரிசை தொடங்கும் வரிசைக்கு நேர்மாறாக இருக்கும் என்பதே இதில் புரிந்துகொள்ள வேண்டியது: நெட்வொர்க்குக்குப் பின் தொடங்கு என்று எழுதினால், நெட்வொர்க் அறுபடுவதற்கு முன் நம் வேலை முடிக்கப்படும். இயல்பான அவகாசம் 90 நொடிகள். ஆர்சிங்க் கட்டளையால் பெரிய அளவில் நகலெடுக்கும் வேலை என்றால் அதைக் கூட்டிக்கொள்ள வேண்டும். உபுண்டுவிலும் டெபியனிலும் பாதுகாப்புப் புதுப்பித்தல்களை நிறுத்தும்போது நிறுவும்படி அன்அட்டெண்டட் அப்கிரேட்ஸ் அமைப்பில் ஒரு வரியை மாற்றலாம். நான் மாற்றுவதில்லை. யுபிஎஸ்ஸின் பழைய பேட்டரியை நம்பி, பாதி நிறுவிய நிலையில் ஒரு கணினியை விட எனக்குத் துணிவில்லை.

மின்சாரத்தைச் சொன்னதால் கடைசியாக ஒன்று. மாதாந்திரப் பராமரிப்புக்கான மின்தடை முன்கூட்டியே அறிவிக்கப்படுகிறது, அன்று முறையாக மூடிவிடலாம். அறிவிக்காமல் போகும் மின்சாரமும், அவசரத்தில் பவர் பொத்தானை அழுத்திப் பிடிக்கும் விரலும் எந்த ஸ்கிரிப்டையும் கேட்பதில்லை. ஸ்கிரிப்ட் தன் தொடக்கத்தையும் முடிவையும் தேதி நேரத்தோடு ஒரு பதிவுக் கோப்பில் எழுதுகிறது. விண்டோஸின் நிகழ்வுப் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரில் 6008 என்ற எண் தென்பட்டால், முந்தைய நிறுத்தம் எதிர்பாராதது என்று பொருள். அன்றைய சுத்தம் நடந்திருக்காது. எனவே அழிக்கும் பகுதியை மட்டும் தனி ஸ்கிரிப்டாகப் பிரித்து, டாஸ்க் ஷெட்யூலரில் உள்நுழைவுத் தூண்டுதலோடும் இணைத்திருக்கிறேன். முந்தைய இரவு சரியாக மூடியிருந்தால் காலையில் அதற்கு அழிக்க எதுவும் கிடைக்காமல் நொடியில் முடிந்துவிடும், மூடியிருக்காவிட்டால் முதல் வாடிக்கையாளர் வருவதற்குள் வேலையை முடித்திருக்கும். மடிக்கணினியாக இருந்தால், அந்த வேலையின் நிபந்தனைகளில் மின் இணைப்பு இருந்தால் மட்டும் தொடங்கு என்று இயல்பாகவே இடப்பட்டிருக்கும் குறியை எடுத்துவிட வேண்டும்.